கலப்பு வண்டியின் குணமும் குற்றமும்

சென்ற கோடை விடுமுறையில் யான் ஊர் சென்றிருந்தபொழுது எங்கள் இல்லத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடைபெற்றுக்கொண்டிருந்தது. நெடுங்காலம் ஆசிரியப்பணி புரிந்து ஓய்வுபெற்ற எந்தையார், தமக்குக் கிடைத்த சேமநிதியில் ஒரு பகுதியைச் செலவிட்டுக் குடும்பத்திற்கென ஒரு மோட்டார் வண்டி வாங்கலாமோ என எண்ணியிருந்தார். இளவல் இக்காலத்தில் யாவரும் விரும்பும் உயர்ந்த தோற்றமுடைய வண்டியே வேண்டுமென்றான். அன்னையார் எஞ்சிய தொகைக்குக் கடன்பட வேண்டுமோ என்று வருந்தினார். முழங்கால் நோயால் வருந்தும் ஆச்சியோ, "ஏறும்போது குனிய வேண்டுமா? இறங்கும்போது ஒருவர் கைகொடுக்க வேண்டுமா? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார். தமிழ் பயிலும் என்னிடத்து இவ்வழக்கைத் தீர்க்குமாறு விட்டபோது இளவல் நகைத்தான். எந்தையார், "சொல்லின் பொருளை ஆராயக் கற்றவர்க்குப் பொருளின் இயல்பை ஆராய்தலும் அரிதன்று, நடுநின்று பார்த்துச் சொல்" என்றார். அங்ஙனம் ஆராய்ந்து அறிந்தவற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றேன். நம் கல்லூரி அன்பர் பலர் இல்லங்களிலும் இவ்வினா எழுந்திருக்கக் கூடுமாதலின், இது பயனற்ற முயற்சி ஆகாதென நம்புகின்றேன்.

பெயரும் பிறப்பும்

வணிகர் 'கிராஸ்ஓவர்' என்று வழங்கும் இவ்வண்டி இருவேறு குலங்களின் கலப்பினால் தோன்றியது. ஆதலின் இதனைக் கலப்பு வண்டி என்றே இக்கட்டுரையில் குறிப்பாம். இதன் இயல்பை உணர வேண்டுமாயின் அவ்விரு குலங்களையும் முன்னர் அறிதல் வேண்டும்.

முதற்குலம் ஜீப்பு முதலியவற்றின் குலம். 1941-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கெனச் செய்யப்பட்ட வில்லீஸ் ஜீப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இதன் அடியில் ஏணி போன்றதோர் இரும்புச் சட்டம் உண்டு. பொறியும் அச்சுகளும் சக்கரங்களும் அச்சட்டத்திலேயே பொருத்தப்பெறும். மேலுள்ள உடல் அதன்மீது வைத்து முடுக்கப்பெற்றதே. நம் ஊர்க் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்வார்க்கு இது எளிதில் விளங்கும். கூண்டினைக் கழற்றி வைத்துவிட்டாலும் வண்டி ஓடும். சுமையைத் தாங்குவது அடியிலுள்ள சட்டமேயன்றிக் கூண்டு அன்று.

இரண்டாங்குலம் சாதாரணக் காரின் குலம். இதில் தனிச்சட்டம் இல்லை. தளமும் பக்கங்களும் கூரையும் ஒன்றோடொன்று இணைக்கப்பெற்று, ஓருடலாகி, அவ்வுடலே முழுச்சுமையையும் தாங்கும். பனையோலைப் பெட்டிக்கு உள்ளே மரச்சட்டம் ஒன்றும் இல்லையன்றோ? முடைந்த ஓலைகள் ஒன்றையொன்று பற்றி நிற்றலே அதன் வலிமை. ஓருடல் வண்டியின் வலிமையும் அத்தகையதே. பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தார் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'திராக்ஷியோன் அவான்' என்னும் கார், ஓருடல் அமைப்பையும் முன்சக்கரங்களைப் பொறி இழுக்கும் முறையையும் ஒருங்கே கொண்டு பெருந்தொகையாகச் செய்யப்பெற்றது. இன்றைய கார்களுட் பெரும்பாலன இவ்வழியினவே.

இவ்விரு குலங்களையும் இணைக்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஈகிள்' என்னும் வண்டி. அது காரின் ஓருடலும் நான்கு சக்கரங்களும் இயங்கும் முறையும் உடையது. பின்னர், 1994-இல் ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்தாரின் 'ராவ்-4' என்பதும், 1995-இல் ஹோண்டா நிறுவனத்தாரின் 'சி.ஆர்.-வி.' என்பதும் வெளிவந்தன. ஜீப்பின் தோற்றத்தையும் உயரத்தையும் கொண்டு, காரின் உறுப்புக்களால் ஆக்கப்பெற்ற இவ்வண்டிகள் உலகெங்கும் பரவின.

இவ்வகையின் இந்திய வரலாற்றிற் சென்னையைச் சூழ்ந்த நிலத்திற்கு ஓர் உரிமை உண்டு. 2012-இல் விற்பனைக்கு வந்த ரெனோ 'டஸ்டர்' ஓரகடத்திலும், 2013-இல் வந்த ஃபோர்டு 'ஈகோஸ்போர்ட்' மறைமலைநகரிலும், 2015-இல் வந்த ஹூண்டாய் 'கிரெட்டா' திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் செய்யப்பெற்றவை. இவற்றுள் முன்னைய ஈகோஸ்போர்ட்டின் நிறுவனத்தார் 2022-ஆம் ஆண்டோடு மறைமலைநகரில் வண்டி செய்தலை நிறுத்திவிட்டனர். கிரெட்டாவோ பலமுறை திருத்தப்பெற்று இன்றும் நம் சாலைகளில் எங்கும் காணப்படுகின்றது. ஆதலின் அளவுகள் கூற நேரும் இடங்களில் அதனையே சான்றாகக் கொள்வேன்.

குணங்கள்

முதற்கண் கூறத்தக்கது இருக்கையின் உயரம். தாழ்ந்த காரில் அமர்வோர் தம் உடலைக் கீழே இறக்க வேண்டும். எழும்போது அவ்வுடல் முழுவதையும் முழங்காலின் வலிமையாற் றூக்க வேண்டும். தரையில் அமர்ந்து எழுவதற்கும் நாற்காலியில் அமர்ந்து எழுவதற்கும் உள்ள வேறுபாடு முதியோர் அனைவரும் அறிந்ததே. கலப்பு வண்டியின் இருக்கை ஏறத்தாழ நிற்பவரது இடுப்பின் உயரத்தில் இருத்தலின், பக்கவாட்டில் அமர்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டாற் போதும். உயரம் மிகுந்த ஜீப்பு வகையில் படியேறும் துன்பம் உண்டு. இதில் அதுவும் இல்லை. குழந்தையை இருக்கையில் வைத்து வாரினால் பிணைக்கும் தாய்மார்க்கும் முதுகு வளையாமல் அவ்வேலை முடிகின்றது. இவ்வொரு குணமே பல குடும்பங்களை இவ்வண்டியின்பால் ஈர்த்தது என்னலாம்.

இரண்டாவது, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் உள்ள இடைவெளி. சிறு கார்களில் இது பொதுவாக 160 முதல் 170 மில்லிமீட்டர் வரை இருக்கக் காண்கிறோம். கிரெட்டாவில் இது 190 மில்லிமீட்டர். வேறுபாடு இரண்டு மூன்று சென்டிமீட்டரே எனினும், அளவின்றி உயர்த்திப் போடப்பெற்ற வேகத்தடைகளும், மழைக்காலத்தில் தோன்றும் பள்ளங்களும் நிறைந்த நம் தெருக்களில் அச்சிறு வேறுபாடு செய்யும் உதவி பெரிது. ஐவர் அமர்ந்து சுமையும் ஏற்றியபின் எவ்வண்டியும் சற்றுத் தாழும் என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, உள்ளிடம். நீளத்தை மிகுதியாக வளர்க்காமல் உயரத்தை வளர்த்திருத்தலின், அமர்வோர் நிமிர்ந்து அமர்கின்றனர். நிமிர்ந்து அமர்வோர்க்குக் கால்நீட்ட வேண்டும் இடம் குறைவு. 2024-இல் திருத்தி வெளியிடப்பெற்ற கிரெட்டாவின் நீளம் 4330 மில்லிமீட்டர், அகலம் 1790, உயரம் 1635. பின்புறத்தே 433 லிட்டர் கொள்ளும் சுமையறை உண்டு. பின்கதவு கூரையோடு சேர்ந்து மேலே திறத்தலாலும், பின்னிருக்கையை மடக்கலாம் ஆதலாலும், அரிசி மூட்டையோ, சக்கர நாற்காலியோ, விடுதிக்குச் செல்லும் மாணவரது பெட்டியும் படுக்கையுமோ எளிதில் உள்ளே செல்லும்.

நான்காவது, ஓட்டத்தின் இனிமை. ஏணிச்சட்டம் கனமானது, கனம் மிகுந்த வண்டி எரிபொருளை மிகுதியாக உண்ணும், தெருவின் குலுக்கலையும் உள்ளிருப்போர்க்கு உணர்த்தும். ஓருடல் வண்டி அவ்வளவு கனமின்றியும் முறுக்கத்திற்கு இளகாமலும் இருத்தலின், காரைப் போலவே மெத்தென ஓடுகின்றது.

குற்றங்கள்

இனி மறுபக்கத்தை நோக்குவாம். மேற்கூறிய குணங்கள் பலவற்றிற்கும் காரணமாகிய உயரமே குற்றங்கள் பலவற்றிற்கும் தாயாக நிற்கின்றது.

உயர்ந்த பொருள் எளிதிற் கவிழும் என்பது குழந்தையும் அறிந்த உண்மை. வண்டிகளின் கவிழாத்தன்மையை அளத்தற்கு அமெரிக்க அரசினர் ஒரு கணக்கினைக் கையாளுகின்றனர். இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் உள்ள அகலத்திற் பாதியை, வண்டியின் எடை மையம் தரையினின்று நிற்கும் உயரத்தால் வகுத்தல் வேண்டும். வரும் எண் பெரிதாயின் வண்டி நிலைபெற்றது. காட்டாக, அவ்வகலத்திற் பாதி 75 சென்டிமீட்டரும் மையத்தின் உயரம் 53 சென்டிமீட்டரும் ஆயின் விடை 1.4-க்குச் சற்று மிகும். மையம் 62 சென்டிமீட்டருக்கு உயருமாயின் விடை 1.2 ஆகும். சாதாரணக் கார்கள் 1.3 முதல் 1.5 வரையிலும், உயர்ந்த வண்டிகள் 1.0 முதல் 1.3 வரையிலும் அமைவது பெரும்பான்மை. கூரைமேல் மூட்டைகளைக் கட்டுவோர் தம் கையாலேயே அம்மையத்தை இன்னும் மேலே தூக்குகின்றனர்.

இக்குறையை நீக்க அறிஞர் ஓர் உபாயம் கண்டுள்ளனர். ஓட்டுபவர் திருப்பிய திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் திசையையும் மின்கருவி ஒன்று இடையறாது ஒப்புநோக்கி, இரண்டும் மாறுபடுமாயின் உரிய ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிரேக்கு இட்டு வண்டியை நேர்ப்படுத்துகின்றது. வாங்குவோர் இக்கருவி தாம் கொள்ளும் வண்டியில் உண்டா என்பதை வண்ணத்தைக் கேட்பதற்கு முன்னர்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது குற்றம், தோற்றம் ஒன்றாகவும் ஆற்றல் ஒன்றாகவும் இருத்தல். ஜீப்பினைப் போலத் தோன்றுகின்றதாயினும் இவ்வகையிற் பெரும்பாலன முன்சக்கரம் இரண்டினால் மட்டுமே இயங்குவன, கிரெட்டாவும் அத்தகையதே. மணலிலும் சேற்றிலும் முன்சக்கரம் வழுக்கிச் சுழலுமாயின் பின்சக்கரம் உதவிக்கு வாராது. வெள்ளத்திலோ இம்மயக்கம் உயிருக்கே இறுதியாகலாம். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை நாம் மறந்தோமல்லோம். தரையினின்று 190 மில்லிமீட்டர் உயர்ந்திருத்தலால் எவ்வளவு நீரையும் கடக்கலாம் என்று எண்ணுவது பிழை. பொறி காற்றை உள்ளிழுத்து அதனை அமுக்கி இயங்குவது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. காற்றுச் செல்லும் வழியில் நீர் புகுமாயின் பொறியின் உட்டண்டுகள் வளைந்து கெடும். அன்றியும், அகன்ற உடல் நீரில் மிதக்கும் இயல்புடையது. இரண்டடி ஆழமுடைய ஓடும் நீர் இவ்வகை வண்டிகளையும் அடித்துச் செல்ல வல்லது.

மூன்றாவது, செலவு. விரைந்து செல்லும் வண்டியைக் காற்று தடுக்கின்றது. அத்தடை முன்முகத்தின் பரப்பிற்கு ஏற்பவும், வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் வளர்வது. 80 கிலோமீட்டர் வேகத்தினின்று 100-க்கு உயர்வோமாயின் தடை ஒன்றரை மடங்கிற்கு மேலாகின்றது. உயர்ந்து பரந்த முகமுடைய கலப்பு வண்டி, அதே பொறியுடைய தாழ்ந்த காரினும் நெடுஞ்சாலையில் மிகுந்த எரிபொருளைக் கொள்வதற்கு இதுவே முதன்மையான காரணம். வரியும் நோக்கத்தக்கது. 2025 செப்டம்பரில் திருத்தப்பெற்ற விதிகளின்படி, நான்கு மீட்டர் நீளத்திற்கு மேற்படாமல், 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் பொறியோ 1500-க்கு மேற்படாத டீசல் பொறியோ உடைய கார்களுக்கு வரி நூற்றுக்குப் பதினெட்டு. அவ்வெல்லையைக் கடந்தவற்றிற்கு நூற்றுக்கு நாற்பது. ஒரு முழத்திற்கும் குறைந்த நீளத்திற்காகக் குடும்பம் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

நான்காவது, பெருமையைக் காவல் என மயங்குதல். உயர்ந்த வண்டியில் அமர்ந்தோர்க்கு அச்சம் நீங்குகின்றது. அச்சம் நீங்குதல் வேறு, ஆபத்து நீங்குதல் வேறு. 2022-ஆம் ஆண்டில் குளோபல் என்கேப் என்னும் அமைப்பினர், இரண்டு காற்றுப்பைகளை உடைய கிரெட்டாவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்து, ஐந்து விண்மீன்களுள் மூன்றே அளித்தனர்; அதன் உடல் மேலும் சுமை தாங்கும் உறுதி உடையதன்று எனவும் கூறினர். பின்னர் ஆறு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் வைக்கப்பெற்றன. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்னும் சோதனைமுறை நடைபெறுகின்றது. ஆகவே, வண்டியின் பருமையைக் கண்ணால் அளவாமல், அது சோதனையிற் பெற்ற விண்மீன்களைக் கேட்டறிதலே அறிவுடைமை.

ஐந்தாவது குற்றத்தை யான் நூலினின்று அறிந்திலேன். எங்கள் வாயிலிற் கண்டேன்.

விடுமுறையில் உறவினர் ஒருவர், எந்தையார் பார்க்க வேண்டுமென்று தம் புதிய கலப்பு வண்டியைக் கொணர்ந்தார். ஆச்சி ஏறி அமர்ந்து, கைகொடுப்பார் இன்றியே இறங்கிக் காட்டினார். யாவரும் மகிழ்ந்தோம். உறவினர் விடைபெற்று, வண்டியிலேறிப் பொறியை இயக்கினார். அவ்வேளையில் என் தமக்கையின் மூன்று வயதுக் குழந்தை வண்டியின் முன்னே மணலிற் குந்தி விரலாற் கோடு கிழித்துக்கொண்டிருந்ததை எம்மில் ஒருவரும் கண்டிலோம். உறவினரும் கண்டிலர், அவருக்கு அது காணக்கூடியதும் அன்று. வண்டி நகர்ந்தது. திண்ணையிலிருந்த ஆச்சி, "நிறுத்து!" என்று கூவிய குரல் இன்றும் என் செவியில் உள்ளது. வண்டி நின்றபொழுது குழந்தைக்கும் அதற்கும் இடையே ஒரு முழமே இருந்தது. குழந்தை ஒன்றும் அறியாமல் நிமிர்ந்து நோக்கி நகைத்தது. உறவினர் இறங்கி வந்து அம்மணலிலேயே அமர்ந்துவிட்டார்; நெடுநேரம் அவரால் எழ முடியவில்லை.

அவர் பிழை செய்தாரல்லர். இருந்த இடத்தினின்று அவர் நெடுந்தொலைவைக் கண்டார், அண்மையைக் கண்டிலர். முன்மூடி உயர உயர, அதன் கீழ் மறையும் நிலம் மிகுகின்றது. குந்தியிருக்கும் குழந்தை அம்மறைவினுள் முற்றிலும் அடங்கும். பின்புறத்தும் இவ்வாறே, ஆயினும் அங்கே இக்காலத்தில் ஒளிப்படக் கருவி வைக்கின்றனர், முன்னே அது பல வண்டிகளில் இல்லை. மோதுங்காலும் உயரம் தீமை செய்கின்றது. தாழ்ந்த கார் நடப்போரது காலில் மோதும். உயர்ந்த முகம் மார்பிலும் தலையிலும் மோதும். முன்மூடி நாற்பது அங்குலத்திற்கு மேல் உயர்ந்த வண்டிகள், முப்பது அங்குலத்திற்கு மேற்படாது சரிந்த முகமுடையவற்றினும், நடப்போரை மோதுமிடத்து உயிரிழப்பு நேர்விக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பத்தைந்து அளவு மிகுதி என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுகின்றது. நம் நாட்டுக் கலப்பு வண்டிகள் அந்நாட்டவை அளவு பெரியனவல்ல எனினும், உயரத்தின் விதி யாண்டும் ஒன்றே. வண்டியின் குணங்களையெல்லாம் உள்ளிருப்போர் பெறுகின்றனர். இக்குற்றத்தையோ வெளியில் நிற்போர் சுமக்கின்றனர். இதனை எந்த விலைப்பட்டியலும் கூறுவதில்லை.

முடிவு

இவையனைத்தையும் தொகுத்து எந்தையாரிடம் கூறினேன். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டினர், கெட்ட சாலைகளில் நாடோறும் செல்வோர், சுமையோடு நெடும்பயணம் போவோர் ஆகியோர்க்கு இவ்வண்டி மிகவும் ஏற்றது. நகரத்துள் ஒருவரோ இருவரோ மட்டும் செல்லும் வீட்டிற்கும், கடன்பட்டே வாங்க வேண்டிய வீட்டிற்கும் அது வேண்டாத சுமை. வாங்குவோர் சோதனை விண்மீன், நிலைநிறுத்தும் மின்கருவி, ஆறு காற்றுப்பைகள், பின்னிருக்கை வார்கள் என்னும் நான்கினையும் முதலிற் கேட்க. வீட்டிலுள்ள மிக முதியவரை ஏறியிறங்கச் செய்து பார்க்க. பின்னர் மிகச் சிறிய குழந்தையின் உயரத்திற்கு ஒரு கோலை வண்டியின்முன் நாட்டி, ஓட்டும் இருக்கையில் அமர்ந்து, அக்கோல் எத்துணைத் தொலைவிற் கண்ணுக்குத் தோன்றுகின்றது என்பதையும் அளந்து பார்க்க.

எந்தையார் வாய்பேசாது கேட்டிருந்தார். ஆச்சியே முதலிற் பேசினார். "ஏறுவதற்கு நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் நான் ஏறிப்போகும் நாள் மாதத்தில் நான்கு இருக்குமா? ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள், ஆலயத்திற்குத் தெருக்கோடி வரை. அதற்காகவா கடன்?" என்றார். அன்னையார் முகம் மலர்ந்தது. இளவல் மட்டும் சிறிது நேரம் சினந்திருந்தான். கடன்படாமல் வாங்கக்கூடிய, இருக்கை சற்றே உயர்ந்த சிறு கார் ஒன்றைப் பார்ப்பதென்றும், அதற்கும் அவசரமில்லையென்றும் முடிவாயிற்று.

ஆயினும் வேறொரு முடிவு அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் வாயிலில் எவருடைய வண்டி புறப்படினும், ஓட்டுபவர் ஏறுமுன் ஒருமுறை அதனைச் சுற்றி நடந்து வருகின்றார். குழந்தை ஒருவர் இடுப்பில் ஏறும் வரையில் பொறி இயங்குவதில்லை. இதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை. கலப்பு வண்டி வாங்கியோரும், இனி வாங்குவோரும், வாங்காதோரும் இவ்வொரு வழக்கத்தை மேற்கொள்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை யான் முற்றும் பெற்றவராவேன்.